பெயரில்லாத அணியும் பாலகாட்டின் ஒற்றை இடமும்

கர்நாடகச் சட்டமன்றத்தில் 224 இடங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று கோலார் தங்கவயலுக்கு உரியது. பாலகாட், கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் எனச் சுரங்கங்களோடு சேர்த்தே அறியப்படும் குடியிருப்புகளின் வாக்குகளெல்லாம் அந்த ஓர் இடத்துக்குள் அடங்குகின்றன. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி அது. தங்கவயல் மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் பல முடிவுகள் விதான சௌதாவில் எடுக்கப்படுகின்றன என்பது எல்லோரும் அறிந்தது. அந்த முடிவுகளுள் சில அவைக்கு வருவதற்கு முன்பே, அவைக்கு வெளியே, எந்த ஏட்டிலும் பதிவாகாத ஓர் அணியால் நிறுத்தப்படுகின்றன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த அணிக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசுவது கடினம். அதனால்தான் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இத்தகைய அணிகளுக்குப் பெயர் உண்டு. 2015-இல் அந்நாட்டு நாடாளுமன்றக் கீழவையில் குடியரசுக் கட்சியின் தீவிரப் பழமைவாத உறுப்பினர்கள் ‘ஃப்ரீடம் காக்கஸ்’ என்ற அணியைத் தொடங்கினர். 2021 இறுதியில் அதே மாதிரியை மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கொண்டுசெல்ல ஒரு வலையமைப்பு உருவானது. 2025 ஜனவரியில் வயோமிங் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை அந்த அணியின் கைக்கு வந்தது. ஒரு மாநில அவையை அவ்வணி கைப்பற்றியது அதுவே முதல் முறை. முதல் பத்து நாள்களில் ஐந்து மசோதாக்களை நிறைவேற்றுவோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் அவர்கள் அவைக்குள் நுழைந்தனர். அவர்களுடைய கொள்கையை ஏற்காதவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்வர்: அங்கே யார் அந்த அணியில் இருக்கிறார்கள், எதை எதிர்க்கிறார்கள் என்பது வாக்காளருக்குத் தெரியும்.

இந்திய மாநிலங்களில் அப்படி இல்லை. அதற்கு முக்கியக் காரணம் 1985-இல் வந்த ஐம்பத்திரண்டாம் அரசியலமைப்புத் திருத்தமும் அது சேர்த்த பத்தாம் அட்டவணையும். கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் தம் பதவியை இழக்க நேரிடும். மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் அது தாவலாகாது என்றிருந்த விதிவிலக்கையும் 2003-ஆம் ஆண்டின் தொண்ணூற்றொன்றாம் திருத்தம் நீக்கிவிட்டது. கட்சிக்குள் மாறுபட்ட கருத்துடைய ஒரு குழு, அவையில் எழுந்து நின்று தன் கட்சிக்கு எதிராக வாக்களிக்க இயலாது. ஆனால் மாறுபாடு அதனால் மறைந்துவிடுவதில்லை. வாக்கெடுப்பிலிருந்து வரவேற்பறைக்கு இடம் மாறுகிறது. மசோதாவைத் தோற்கடிக்க முடியாதபோது, மசோதா வராமலே பார்த்துக்கொள்வது எளிய வழி. அறிக்கையை நிராகரிக்க முடியாதபோது, அதைத் திறக்காமலே வைத்திருப்பது எளிய வழி.

தமிழில் இத்தகைய அணிக்கு ஒரு சொல் உண்டு: கோஷ்டி. தமிழ் நாளேடுகளில் அது எப்போதும் பூசலோடு சேர்ந்தே வரும். தங்கவயலில் அன்றாடம் காதில் விழும் இன்னொரு மொழியான கன்னடத்தில் அதே வடசொல் கலந்துரையாடலைக் குறிக்கிறது. செய்தியாளர் சந்திப்புக்கு அங்கே ‘பத்ரிகா கோஷ்டி’ என்று பெயர். ஒரே சொல் ஒரு மொழியில் சண்டையையும் மற்றொன்றில் உரையாடலையும் சுட்டுகிறது. கர்நாடகச் சட்டமன்றத்தில் செயல்படும் அணியை இவ்விரு பொருளிலும் கோஷ்டி என்று சொல்ல முடியாது. அது சண்டையிடுவதில்லை, வெளிப்படையாக உரையாடுவதும் இல்லை. கட்சி எல்லையைக் கடந்து ஒன்றுசேர்ந்து, ஒரு செயலை நடவாமல் காக்கிறது. பழமைவாதம் என்ற சொல்லுக்கு நேரான பொருளே அதுதான்: இருப்பதை இருந்தபடி வைத்திருத்தல். பசுவதைத் தடை, மதமாற்றத் தடை முதலிய சட்டங்களைக் கொண்டுவந்த பாரதிய ஜனதாவின் பண்பாட்டுப் பழமைவாதம் அனைவர் கண்ணுக்கும் தெரிகிறது. சமூக அடுக்கைக் காக்கும் பழமைவாதம் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றிப் பரவிக் கிடக்கிறது.

சாதிவாரிக் கணக்கெடுப்பின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. சித்தராமையாவின் முதல் ஆட்சியில் காந்தராஜ் தலைமையிலான பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் 2015-இல் வீடுவீடாகச் சமூக, கல்விக் கணக்கெடுப்பை நடத்தியது. அந்த ஆட்சி முடியும்வரை அறிக்கை வெளிவரவில்லை. பின்னர் வந்த கூட்டணி ஆட்சியும் பாரதிய ஜனதா ஆட்சியும் அதைத் தொடவில்லை. 2023 இறுதியில் அறிக்கையை ஏற்க வேண்டாம் எனக் கோரிய ஒக்கலிகர் மனுவில், அதே அரசின் துணை முதலமைச்சர் டி. கே. சிவகுமாரும் கையொப்பமிட்டிருந்தார். காங்கிரசின் மூத்த உறுப்பினரும் அகில பாரத வீரசைவ மகாசபையின் தலைவருமாயிருந்த சாமனூர் சிவசங்கரப்பா லிங்காயத்துகளின் சார்பில் அறிக்கையை எதிர்த்தார். 2024 பிப்ரவரி 29 அன்று ஜெயப்பிரகாஷ் ஹெக்டே அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தார். அது அமைச்சரவையின் முன் வைக்கப்பட்டது 2025 ஏப்ரல் 11 அன்றுதான். அடுத்த சில நாள்களில் துணை முதலமைச்சர் தம் சமூகச் சட்டமன்ற உறுப்பினர்களை அழைத்துப் பேசினார். ஏப்ரல் 17-இல் கூடிய சிறப்பு அமைச்சரவை முடிவெடுக்காமல் கலைந்தது. ஜூன் மாதத்தில் புதிய கணக்கெடுப்பு நடத்துவதென்று தீர்மானித்தனர். செப்டம்பர் 22 அன்று அது தொடங்கியது.

இத்தனை ஆண்டுகளில் இந்த அறிக்கையின் மீது சட்டமன்றத்தில் ஒரு வாக்கெடுப்புகூட நடக்கவில்லை. யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்பதற்கு அவைக்குறிப்பில் சான்று இல்லை. பத்தாண்டுகள் உழைப்பும் பொதுப்பணமும் செலவழிந்த ஓர் ஆவணம், ஒருவரும் பொறுப்பேற்காமல் ஓரங்கட்டப்பட்டது.

எதிர்த்தவர்களிடம் வாதமே இல்லை என்று சொல்வது நேர்மையன்று. கணக்கெடுப்பாளர் பல வீடுகளுக்கு வரவில்லை என்றனர். உட்பிரிவுகளைத் தனித்தனியே எண்ணியதால் தங்கள் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்றனர். பத்தாண்டுப் பழைய தரவு என்றனர். முதலிரண்டு வாதங்களும் ஆராயத்தக்கவை. தரவை வெளியிட்டு, அவையில் விவாதித்து, பிழை இருந்தால் திருத்தியிருக்கலாம். மூன்றாவது வாதம் வேறு வகை. தரவு பழையதானது வெளியிடாமல் வைத்திருந்ததால். தாமதத்தை உண்டாக்கியவர்களே தாமதத்தைக் காரணமாகக் காட்டி அறிக்கையைக் கைவிடச் செய்தனர். பிற்படுத்தப்பட்டோர் ஆணையச் சட்டம் பத்தாண்டுக்கு ஒரு முறை பட்டியலைத் திருத்தச் சொல்கிறது என்பது புதிய கணக்கெடுப்புக்குக் கூறப்பட்ட சட்டக் காரணம். அந்தச் சட்டம் அறிக்கையைப் பத்தாண்டு பூட்டி வைக்கச் சொல்லவில்லை.

இது புதிய வழக்கமும் அன்று. தேவராஜ் அர்ஸ் 1972-இல் அமைத்த ஹாவனூர் ஆணையம் 1975-இல் அறிக்கை தந்தபோது லிங்காயத்துத் தலைவர்களின் எதிர்ப்பு பெரிதாயிருந்தது. 1986-இல் வெங்கடசாமி ஆணையம் ஒக்கலிகரைப் பட்டியலிலிருந்து விலக்கப் பரிந்துரைத்ததும் ராமகிருஷ்ண ஹெக்டே அரசு அந்த அறிக்கையையே ஏற்க மறுத்தது. 1990-இல் சின்னப்ப ரெட்டி ஆணையமும் இரு பெரும் சமூகங்களையும் வெளியே வைத்தது. அதுவும் எழுதியபடி நடைமுறைக்கு வரவில்லை. முதலமைச்சர்கள் மாறினர், கட்சிகள் மாறின. அறிக்கைகளின் விதி மாறவில்லை.

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. 1917-இல் மைசூர் சமஸ்தானத்தில் பிரஜா மித்ர மண்டலி தோன்றியபோது, லிங்காயத்து, ஒக்கலிகர், முஸ்லிம் தலைவர்கள் அதில் ஒன்றுகூடினர். அரசு வேலைகள் பிராமணர் கையிலேயே குவிந்திருப்பதைப் புள்ளிவிவரத்தோடு மன்னரிடம் எடுத்துரைத்தனர். அதன் விளைவாக 1918-இல் லெஸ்லி மில்லர் குழு அமைந்தது. இந்தியாவில் இடஒதுக்கீட்டுக்கு அடித்தளமிட்ட முயற்சிகளுள் அது ஒன்று. அன்று ‘எங்களை எண்ணுங்கள்’ என்று கேட்டு அதிகாரத்தின் வாயிலில் நின்ற சமூகங்களின் பிரதிநிதிகள், இன்று வாயிலுக்கு உள்ளே இருந்துகொண்டு எண்ணிக்கையைத் தடுக்கின்றனர். ஆகவே ஓர் அணி தன் பிறப்பால் முற்போக்கானதோ பிற்போக்கானதோ ஆவதில்லை. அது எதைக் காக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கிறது.

பாலகாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? முதல் தொடர்பு, தங்கவயலின் அரசியல் வரலாற்றில் இருக்கிறது. 1983 முதல் 2004 வரை நடந்த ஆறு சட்டமன்றத் தேர்தல்களில் இத்தொகுதி காங்கிரசையோ ஜனதாவையோ பாரதிய ஜனதாவையோ தேர்ந்தெடுக்கவில்லை. அ.இ.அ.தி.மு.க.வின் பக்தவத்சலம் மூன்று முறை, குடியரசுக் கட்சியின் ராஜேந்திரன் இரண்டு முறை, மார்க்சிஸ்ட் கட்சியின் மணி ஒரு முறை வென்றனர். பெங்களூரு அரசியல் இதைத் தமிழரின் தனிமை மனப்பான்மை என்று சொன்னது. 1930-இல் கைரேகைப் பதிவுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தவர்களின் ஊர் அது. அயோத்திதாசப் பண்டிதருக்குப் பின் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தொடர்ந்து நடத்திய ஊர் அது. அங்கே சொந்தக் கட்சி என்பது தனிமையைவிடத் தன்மானத்தின் கணக்காகவே இருந்தது. ஆனால் தனி ஓர் உறுப்பினரால் எந்த அணியையும் அமைக்க முடியாது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டபோது சட்டமன்றத்தில் தங்கவயலுக்காக எழுந்த குரல் ஒற்றைக் குரலாகவே இருந்தது.

2008 முதல் நிலைமை மாறியது. 2008-லும் 2013-லும் பாரதிய ஜனதா வென்றது. 2018-லும் 2023-லும் காங்கிரசின் ரூபகலா வென்றார். பெரிய கட்சிக்குள் சென்றால் குரல் பெரிதாகும் என்பது வாக்காளரின் கணக்கு. அது தவறான கணக்கு என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் பெரிய கட்சிக்கு உள்ளே பெயரில்லாத அணி இருக்கிறது. அதில் தங்கவயலுக்கு இருக்கை இல்லை. ஆளும் கட்சிக்கு வாக்களித்த பாலகாட் வாக்காளர், ஆளும் கட்சியின் உண்மையான முடிவு நிகழும் அறைக்கு வெளியேதான் இன்னும் நிற்கிறார்.

இரண்டாவது தொடர்பு பெயரைப் பற்றியது, இதுவே நெருக்கமானது. தங்கவயலின் லைன் வீடுகளில் வாழும் பெரும்பாலான குடும்பங்கள் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவை. அவர்களுள் மிகப் பலரின் சான்றிதழில் ‘ஆதி திராவிடர்’ என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயர் சும்மா வந்ததன்று. இழிவு சுமந்த பழைய பெயரைக் களைந்துவிட்டு ‘ஆதி திராவிடர்’ என வழங்க வேண்டும் என்ற தீர்மானத்தை 1922-இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம். சி. ராஜா நிறைவேறச் செய்தார். மைசூர் சமஸ்தானத்தில் ‘ஆதி கர்நாடகர்’ என்ற பெயரும் அதே காலத்து விழைவில் பிறந்தது. சாதியைச் சொல்லாமல் தொன்மையைச் சொல்லும் பெயர்கள் இவை.

2024 ஆகஸ்டு 1 அன்று பட்டியல் சாதியினருக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது. அதன்பின் நீதிபதி நாகமோகன் தாஸ் ஆணையம் கர்நாடகத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பட்டியல் சாதி மக்களைக் கணக்கெடுத்தது. ஆதி திராவிடர், ஆதி கர்நாடகர், ஆதி ஆந்திரர் என்ற பெயரில் உள்ளவர்கள் உட்சாதியையும் சொல்லுமாறு கேட்கப்பட்டனர். நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சொல்லவில்லை. தாத்தா காலத்தில் கழற்றி எறிந்த பெயரைப் பேரன் மீண்டும் எடுத்து அணிந்தால்தான் அரசு அவனை ஒரு பிரிவில் வைக்கும் என்ற நிலை எழுந்தது. விடுதலைக்காகச் சூட்டிய பெயர், அரசின் படிவத்தில் ‘விவரம் இல்லை’ என்பதன் மறுபெயராயிற்று.

உள் ஒதுக்கீடு வேண்டாம் என்பதன்று இங்கே வாதம். மாதிகர் முதலிய இடங்கைச் சமூகங்கள் முப்பதாண்டுகளாகப் போராடிக் கேட்டது நியாயமான பங்கு; அது அவர்களுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். கேள்வி வேறு. ஆணையம் 2025 ஆகஸ்டு 4 அன்று தந்த பரிந்துரையில் ஐந்து பிரிவுகள் இருந்தன: மிகவும் நலிந்த நாடோடிச் சமூகங்களுக்கு 1 விழுக்காடு, இடங்கைக்கு 6, வலங்கைக்கு 5, லம்பாணி, போவி முதலியோருக்கு 4, ‘ஆதி’ பெயர்களுக்கு 1. ஆகஸ்டு 19 அன்று அமைச்சரவை எடுத்த முடிவில் மூன்று பிரிவுகளே மிஞ்சின: 6, 6, 5. அந்தப் பதினைந்து நாள்களில் இரு தரப்பு அமைச்சர்களும் உறுப்பினர்களும் தனித்தனியே கூடிப் பேசினர். தமக்கென ஓர் அமைச்சரோ சட்டமன்ற உறுப்பினர் கூட்டமோ இல்லாத நாடோடிச் சமூகங்களின் தனிப் பிரிவு மறைந்தது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினர். ‘ஆதி’ பெயர்க்காரர்களின் தனிப் பிரிவும் மறைந்தது. பரிந்துரையிலிருந்து முடிவு எவ்வாறு உருமாறியது என்பதற்கு மக்கள் படிக்கத்தக்க பதிவு ஏதுமில்லை.

ஆக, ஆதிக்கச் சமூகங்களின் அணி மட்டுமே இப்படி இயங்குகிறது என்பதில்லை. பெயரில்லாத அணியே பலன் தரும் என்று ஓர் அவை கற்பித்துவிட்டால், ஒடுக்கப்பட்டோரிலும் வலுவுள்ளோர் அதையே கற்றுக்கொள்வர். அணி சேர முடியாதவர்களே எப்போதும் இழப்பர். தங்கவயல் தமிழர் மாநிலம் முழுவதும் பரவிய சமூகம் அல்லர்; ஒரு தொகுதிக்குள் குவிந்தவர்கள். எண்ணிக்கையில் பெரிதாயினும் அணி சேர்க்க ஆகாத வகையினர்.

இதன் விலை என்ன? ஒவ்வொரு நாளும் விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குப் பிழைப்புத் தேடிப் போகின்றனர். பெரும்பாலும் தனியார் வேலை, ஒப்பந்த வேலை. அவர்களின் பிள்ளைகளுக்கு ஓர் அரசுப் பணியோ மருத்துவக் கல்லூரி இடமோ கிடைப்பது, எந்தப் பிரிவில் எத்தனை விழுக்காடு என்ற அந்தக் கணக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கைப் போட்ட அறையில் என்ன பேசினார்கள் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அணிகளை ஒழிக்க வேண்டும் என்று கேட்பது பயனற்றது. உறுப்பினர்கள் ஒன்றுகூடிப் பேசுவது சட்டமன்றத்தின் இயல்பு. பலவீனர்களுக்கும் அது தேவை. கேட்க வேண்டியது வெளிச்சம். விசாரணை ஆணையச் சட்டம் 1952-இன்படி அமையும் ஆணையத்தின் அறிக்கையை ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கையின் குறிப்போடு அவையில் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சமூகக் கணக்கெடுப்பு அறிக்கைகளுக்கும் அதே காலவரையறையைக் கர்நாடகம் சட்டமாக்கலாம். அமைச்சர்களும் உறுப்பினர்களும் கையொப்பமிட்டு முதலமைச்சரிடம் தரும் மனுக்களை, பெயர்களோடு அவையில் வைக்கச் செய்யலாம். ஆணையப் பரிந்துரையை மாற்றும்போது மாற்றத்தின் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லலாம். இம்மூன்றையும் மாநிலமே செய்ய முடியும். தில்லியின் அனுமதி தேவையில்லை.

தில்லி செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கட்சித் தாவல் தடையை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற, ஆட்சி நிலைப்பதோடு தொடர்புடைய வாக்கெடுப்புகளுக்கு மட்டும் வரையறுக்கலாம் என்று 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை நடைமுறைக்கு வந்தால், எதிர்க்க விரும்புவோர் அவையிலேயே எதிர்த்து வாக்களிக்கலாம். பதவி போகும் என்ற அச்சம் சாக்காக இராது. 2019 ஜூலையில் ஆளுங்கூட்டணியின் உறுப்பினர்கள் விலகியதால் பெங்களூரில் ஓர் ஆட்சியே கவிழ்ந்தது. தாவலைத் தடுக்க வந்த சட்டம் அதைத் தடுக்கவில்லை; வெளிப்படையான கருத்து வேறுபாட்டை மட்டுமே தடுத்திருக்கிறது.

இவை நடக்கும்வரை பாலகாட் வாக்காளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலை, குடிநீர், சயனைடு மண்மேட்டுத் தூசி ஆகியவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம். அறிக்கை கிடப்பில் போடப்பட்டபோது நீங்கள் எந்த அறையில் இருந்தீர்கள்? ‘ஆதி திராவிடர்’ என்ற பெயருக்கு இனி எந்த இடம் என்று யாரிடம் எழுத்தில் கேட்டீர்கள்? பெயரில்லாத அணியிடம் கேள்வி கேட்க முடியாது. பெயருள்ள உறுப்பினர் ஒருவர் தங்கவயலுக்கு இருக்கிறார். அவரிடம் கேட்கலாம், பதிலை எழுதி வாங்கலாம்.